டிரில்லில் அடிபட்டால் யார் பொறுப்பு?

பிளைவுட் அலமாரி செய்யும் ஆசாரிக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் மூன்று வேலை. ஓட்டை போட வேண்டும், தலை உள்ளே அமரக் குழிவு எடுக்க வேண்டும், பிறகு முடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிட்டைப் பிடிக்கும் ‘சக்’கைத் திறந்து பிட் மாற்றிக்கொண்டிருந்தால் பொழுது அதிலேயே போய்விடும். அதற்காக வந்ததுதான் ‘குவிக் சேஞ்ச்’ இணைப்பு. டிரில்லில் ஒரு தடவை மாட்டிவிட்டால், வளையத்தை இழுத்து ஒரு பிட்டை உருவி இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம். சிலவற்றில் ஒரு முனையில் டிரில் பிட்டும் மறுமுனையில் ஸ்க்ரூ பிட்டும் இருக்கும். புரட்டிப் போட்டாலே போதும்.

நல்ல சாமான்தான். ஆனால் அது பிட்டை எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு கையில் எடுக்க வேண்டும். பிட்டின் தண்டு கால் அங்குல (6.35 மி.மீ.) அறுகோணம். அதைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். பல இணைப்புகளில், உள்ளே இருக்கும் சின்ன இரும்புக் குண்டு இந்தப் பள்ளத்தில் விழுந்தால்தான் பிட் பூட்டும். பள்ளம் இல்லாத குட்டை பிட்டும் உள்ளே நுழைந்துவிடும், சுழலவும் செய்யும். ஆனால் மரத்திலிருந்து பின்னுக்கு இழுக்கும்போது உருவிக்கொண்டு வரும். ஆகவே செருகியதும் வெளிப்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பிட்டைத் தொடும் முன்பே, மின்சார டிரில் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். பேட்டரி டிரில் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். அவசரத்தில் குறைந்தபட்சம் முன்-பின் சுவிட்சையாவது நடுவில் வையுங்கள். பிட் மாற்றும்போது விரல் தெரியாமல் விசையில் பட்டால், சுழலும் பிட் பிடித்திருக்கும் கையைத்தான் கிழிக்கும்.

சிறு துண்டை உள்ளங்கையிலோ தொடையிலோ வைத்து ஓட்டை போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. மரம் முடிந்ததும் பிட் சதைக்குள் இறங்கிவிடும். கிளாம்ப் போட அரை நிமிடம்கூட ஆகாது. தோளில் தொங்கும் துண்டும் தளர்ந்த கையுறையும் சுழலும் பிட்டில் சிக்கும், கையுறை சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். தட்டித் தட்டி முடுக்கும் இம்பாக்ட் டிரைவரில் சாதாரண பிட் போட்டால் அது உடைந்து தெறிக்கக்கூடும். அதற்கென்று விற்கும் பிட்டையே போடுங்கள், கண்ணாடியும் அணியுங்கள். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. ஆகவே முகக்கவசமும் வேண்டும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் இணைப்பே பழுதாக இருந்தால்? கடைக்காரர் பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியைக் காட்டுவார். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படித்தான். ‘விலை குறைத்துத் தருகிறேன், பில் வேண்டாம்’ என்றால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பில் இல்லாமல் பிறகு எதை நிரூபிப்பதும் பெரும்பாடு.

‘தொழிலுக்கு வாங்கினால் நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்றும் சொல்வார்கள். நம்பாதீர்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. தன் கையால் வேலை செய்யும் ஆசாரிக்கு இது முழுக்கப் பொருந்தும். ஆள் வைத்துப் பெரிய பட்டறை நடத்துபவருக்கு அத்தனை எளிதில் பொருந்தாது.

பழுதான பொருளால் காயம்பட்டால் தயாரித்தவரிடமும், சில சூழல்களில் விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மீது அந்த வழக்கு நிற்காது. பள்ளமில்லாத பிட்டைச் செருகியது, தண்டைத் தேய்த்துப் பொருத்தியது எல்லாம் அங்கே உங்களுக்கு எதிராகவே பேசும். அடிபட்ட பிறகு உடைந்த பிட்டையும் இணைப்பையும் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து, அப்படியே பையில் கட்டி வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கான்ட்ராக்டரிடம் கூலிக்குப் போன இடத்தில் அடிபட்டால் கதை வேறு. வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்க, இயந்திரத்தில் பழுது இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டது என்பதே அடிப்படை. 1923 முதல் தனிச் சட்டமாக இருந்த இந்த உரிமை இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. கட்டைவிரலை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று அட்டவணை கணக்கிடுகிறது. இதற்குத் தொழிலாளர் துறையை அணுக வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தச்சு வேலை செய்பவரும் பதிவு செய்துகொள்ளலாம்.

இந்த இழப்பீட்டு உரிமை பறிபோவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலில்தான். ‘வீட்டில் விழுந்துட்டேன்னு சொல்லுப்பா, செலவை நான் பார்த்துக்கிறேன்’ என்பார் மேஸ்திரி. விபத்துப் பதிவேட்டில் அப்படி எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது மிகவும் கடினம். எந்த இடத்தில், யாருடைய வேலையில், எந்த இயந்திரத்தால் அடிபட்டது என்பதை உள்ளபடி டாக்டரிடம் சொல்லுங்கள். வெளியே வரும்போது ஏ.ஆர். எனப்படும் அந்த விபத்துப் பதிவேட்டின் காப்பியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.