கூரை ஏன் பெயர்ந்து விழுகிறது? கம்பிக்குள் நடக்கும் துருவின் வேலை

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் அண்ணாந்து பார்த்தால், படுக்கையறைக் கூரையில் நூல் பிடித்த மாதிரி நேராக ஒரு விரிசல். ஓரத்தில் டீக் கறை போலப் பழுப்பு நிறம். "தண்ணி இறங்கியிருக்கு, பூசிட்டா சரியாயிடும்" என்று சொல்வார்கள். நாமும் பூசி, பெயிண்ட் அடித்து மறந்துவிடுவோம். இரண்டு மழைக்காலம் கழித்து, அதே இடத்தில் காரை பாளமாகப் பெயர்ந்து விழும். கீழே யாரும் படுத்திருக்காவிட்டால் நல்ல நேரம்.

விழுந்த இடத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். துருப்பிடித்து உப்பிய கம்பி. காரையைக் கீழே தள்ளியது அந்தத் துருதான். பூச்சு வேலை அதை மறைத்ததே தவிர, நிறுத்தவில்லை.

கம்பிக்குள் ஒரு சின்ன பேட்டரி

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தடுத்தாலே துரு நின்றுவிடும்.

ஈரமான கம்பியின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து ஈரத்தில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியாகவே இன்னோர் இடத்துக்கு ஓடுகின்றன. அங்கே இருக்கும் ஆக்சிஜனும் தண்ணீரும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. ஒரே கம்பியில் பேட்டரியின் இரண்டு முனைகளும் அமைந்துவிடுகின்றன. கரைந்த இரும்பு பிறகு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து துருவாகிறது.

உப்பு கலந்த தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும். அதனால் இந்த பேட்டரியும் வேகமாக வேலை செய்யும். நாகப்பட்டினத்தில் வீட்டு கேட் சீக்கிரம் அரித்துப்போவதும், அதே கேட் கோயம்புத்தூரில் பல வருடம் தாங்குவதும் இதனால்தான்.

கரைந்த இரும்பு இருந்த இடத்தைவிட, துரு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் பிடிக்கும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். உள்ளிருந்து பிளக்கும் விசையை அவ்வளவாகத் தாங்காது. அதனால்தான் கம்பி போகும் கோட்டிலேயே விரிசல் விடுகிறது.

சிமெண்ட் தரும் கவசம்

அப்படியானால் எல்லா வீட்டுக் கம்பியும் துருப்பிடிக்க வேண்டுமே? புதிய கான்கிரீட் அதிகக் காரத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 12-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உருவாகி இரும்பைக் காக்கிறது.

இந்தக் கவசம் இரண்டு வழிகளில் உடையும். ஒன்று, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அது வருடக்கணக்கில் மெல்ல உள்ளே நுழைந்து, கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தைக் குறைக்கிறது. பி.எச். 9 அளவுக்கு இறங்கினால் படலம் நிற்காது. இரண்டாவது, உப்பில் உள்ள குளோரைடு. காரம் குறையாவிட்டாலும் அது படலத்தைத் துளைத்துவிடும். கடல் காற்று, உப்பு போர் தண்ணி, கழுவாத கடல் மணல் என எந்த வழியிலும் அது வரலாம்.

புதிதாகக் கட்டுகிறீர்களா?

கான்கிரீட் போடும் நாளில் நீங்கள் நேரில் இருந்து மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. கவர் பிளாக்: கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் உள்ள தூரம்தான் கவசத்தின் தடிமன். ஐ.எஸ். 456 தரநிலைப்படி, மழையும் உப்புக் காற்றும் படாத இடத்தில் இது 20 மி.மீ.; கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு மறைவான இடத்தில் 30 மி.மீ.; கடலோரச் சூழலில் வெளிப்பட்டு நிற்கும் இடத்தில் 45 மி.மீ. தூண்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 40 மி.மீ. சென்ட்ரிங் பலகை மேல் கம்பியை அப்படியே கிடத்துவதும், ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பதும் வேண்டாம். சரியான அளவுள்ள கவர் பிளாக்கைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வீட்டுச் செலவில் இது மிகச் சிறிய தொகை.

2. தண்ணீர்: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அதே தரநிலை. உங்கள் போர் தண்ணியில் சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம்.

3. கலவையும் நீராற்றலும்: "கொஞ்சம் தண்ணி ஊத்துனா ஈஸியா ஓடும்" என்று கலவையைத் தளர்த்தினால், காய்ந்த பிறகு உள்ளே நுண்துளைகள் மிஞ்சும். உப்பும் காற்றும் நுழைய அதுவே வழி. நாள் தவறாமல் தண்ணீர் கட்டி வைப்பதும் அந்தத் துளைகளைக் குறைக்கும்.

பழைய வீடா? போனை எடுங்கள்

மாடிக் குளியலறைக்குக் கீழுள்ள கூரை, சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உள்ள தளம் ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். விரிசல் இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் மறுபடி எடுங்கள். விரிசல் வளர்கிறதா என்பது படத்தில் தெரிந்துவிடும். பொறியாளரிடம் காட்டவும் உதவும்.

கம்பால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல கான்கிரீட் 'டங்' என்று கெட்டியாக ஒலிக்கும். 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் காரை உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்துக்குக் கீழே கட்டில், தொட்டில் எதுவும் வேண்டாம்; உடனே நகர்த்துங்கள்.

பழுது பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் தண்ணீர்க் கசிவை நிறுத்த வேண்டும். பிறகு விட்டுப்போன காரையைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை உடைத்தெடுத்து, துருவை முழுவதும் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்ப்பது பற்றிக் கட்டமைப்புப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்துக் கான்கிரீட்டில் ஏற்கெனவே உப்பு ஏறியிருந்தால், ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பில் துரு மறுபடி தொடங்கலாம். அதனால் சுற்றுப்பகுதியையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட், கிரில் போன்றவற்றில் பெயிண்ட் உரிந்த இடத்தைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு போன்ற பிரைமர் அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் சின்னக் கீறல் விழுந்தாலும், துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும்.

பாம்பனிலும் இதே கணக்கு

கடலுக்கு நடுவே 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கும் மேலாக உப்புக் காற்றோடு போராடியது. 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் உயர்தரப் பாதுகாப்புப் பெயிண்டையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். தண்ணீரும் உப்பும் இரும்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கேயும் நோக்கம்.

தெருவையும் கவனியுங்கள். கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரியும் மின்கம்பத்தையோ, அடிப்பகுதி அரித்த இரும்புக் கம்பத்தையோ பார்த்தால் தொடாதீர்கள். தள்ளி நின்று படம் எடுத்து, மின்னகம் எண் 94987 94987-இல் கம்ப எண்ணையும் இடத்தையும் தெரிவியுங்கள்.

பழுப்புக் கோடு தெரிந்தவுடனே கவனித்தால் சின்ன வேலையோடு முடிந்துவிடும். இன்றைக்கே ஒருமுறை உங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பாருங்கள்.