கூரை உள்ளவருக்கு மானியம், குடியிருப்பவருக்கு?



வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைப்போருக்கு மத்திய அரசு மானியம் வழங்கி வருவதை அறிவீர்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இந்தப் பி.எம். சூர்ய கர் திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2026-27 நிதியாண்டுக்குள் 1 கோடி வீடுகளைச் சென்றடைவது இதன் இலக்கு.

மானியம் எவ்வளவு?

1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். நல்ல வெயிலில் 1 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். நாம் பயன்படுத்தியது போக மிஞ்சுவது மின்வாரியத்தின் கம்பிக்குச் செல்லும். நெட் மீட்டர் அதைக் கணக்கில் வைக்கும்.

எப்படிப் பெறுவது?

1. திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு பதிவு செய்யவேண்டும். இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயரை மாற்றிக்கொள்வது நல்லது.
2. பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே அமைக்கவேண்டும். தகடுகள் இந்தியத் தயாரிப்பாக இருக்கவேண்டும்.
3. வேலை முடிந்து, நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு நடந்தபின்பே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். முன்பணத்துக்குப் பிணையில்லாக் கடன் வங்கிகளில் உண்டு.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். சொந்தக் கூரை உள்ளவருக்கே இந்த மானியம் எளிதில் எட்டும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இது அவ்வளவு எளிதல்ல. தமிழகத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனாலும் பல வீட்டு உரிமையாளர்கள் தாங்களே ஒரு விலை வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே குடியிருப்பவரிடம் வசூலிக்கிறார்கள். இனி அரசுப் பணத்தில் தகடு அமைத்து, இலவசமாகக் கிடைக்கும் வெயிலையும் அதே விலைக்கு விற்றால் அது நீதியாகுமா? பூமியைப் பேணுவதும் ஏழையைப் பேணுவதும் ஒரே கடமை என்பதே திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலின் மையக் கருத்து.

எனவே, மானியம் பெறும் உரிமையாளர்களே, உங்கள் மின் கட்டணம் குறையும்போது குடியிருப்பவரின் கட்டணத்தையும் குறையுங்கள். அவர்கள் வீட்டு விசிறியையும் மாற்றிக் கொடுக்கலாம். 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி விசிறி தினமும் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சமாகும்.

அன்பியங்களில் உள்ள இளைஞர்களே, கைபேசியில் விண்ணப்பிக்கத் தெரியாத முதியோருக்கு அருகில் அமர்ந்து உதவுங்கள். உதவி செய்வதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கும் அந்நியர்களிடமிருந்தும் அவர்களைக் காத்துக்கொள்ளுங்கள்.

கதிரவன் நம் எல்லாருடைய கூரைமீதும் ஒன்றுபோல் உதிக்கிறது. அதன் பயனும் மாடியோடு நின்றுவிடாமல் கீழ்வீட்டுக்கும் இறங்கட்டும்.