ஹேபியஸ் கார்பஸ்

ஹேபியஸ் கார்பஸ் என்பது ஆங்கிலச் சட்டத்துறையில் வழங்கும் ஓர் இலத்தீன் சொற்றொடர் ஆகும். ஒருவரைத் தடுத்து வைத்திருப்பவர், அவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, தடுத்து வைத்தமைக்கான சட்டக் காரணத்தைக் காட்ட வேண்டும் எனப் பணிக்கும் நீதிப்பேராணையை இது குறிக்கின்றது. தமிழில் இது ஆட்கொணர்வு நீதிப்பேராணை எனப்படுகின்றது. இதனைக் கோரும் விண்ணப்பம் ஆட்கொணர்வு மனு ஆகும்.

சொற்பொருள்

ஹேபியஸ் என்பது "நீ கொண்டிருப்பாயாக" என்றும், கார்பஸ் என்பது "உடல்" என்றும் பொருள்படும். இங்கு உடல் என்பது உயிருடன் உள்ள ஆளைக் குறிக்கும். "நீ" என்பது சிறைப்பட்டவரை அன்றி, அவரைச் சிறை வைத்தவரையே சுட்டும்.

வரலாறு

இடைக்கால இங்கிலாந்தில் நீதிப்பேராணைகள் இலத்தீனில் எழுதப்பட்டன. அவற்றின் வாசகத்தில் உள்ள சொற்களே பெயராக நிலைத்தன. தொடக்கத்தில் இவ்வாணை, வழக்குக்கு வேண்டியவர்களை நீதிமன்றத்துக்கு வரவழைக்கவே பயன்பட்டது. காலப்போக்கில் சிறைவைப்பு முறையானதா என ஆராயும் கருவியாக மாறியது. 1679 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குக் கால வரையறை விதித்ததுடன், கீழ்ப்படியாத அதிகாரிகளுக்குத் தண்டமும் விதித்தது. 1733 இல் ஆங்கில நீதிமன்ற ஆவணங்களில் இலத்தீனின் இடத்தை ஆங்கிலம் பெற்றது. எனினும் இப்பெயர் மாறவில்லை.

1771 இல் ஜேம்ஸ் சாமர்செட் என்னும் அடிமை, ஜமேக்காவில் விற்கப்படுவதற்காக இலண்டனில் ஒரு கப்பலில் அடைக்கப்பட்டிருந்தார். இவ்வாணையின் வழியே நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு முன் நிறுத்தப்பட்ட அவர் 1772 இல் விடுவிக்கப்பட்டார்.

இந்தியாவில்

இந்திய அரசியலமைப்பின் 32 ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்துக்கும், 226 ஆம் உறுப்பு உயர் நீதிமன்றங்களுக்கும் இவ்வாணை பிறப்பிக்கும் அதிகாரத்தை வழங்குகின்றன. தடுத்து வைக்கப்பட்டவரால் இயலாதபோது அவருடைய உறவினரோ நண்பரோ மனுச் செய்யலாம்.

நெருக்கடி நிலைக் காலத்தில் பலர் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டனர். அவர்கள் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்ய முடியாது என 1976 இல் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளுள் எச். ஆர். கன்னா மட்டுமே மாறுபட்டார். 1978 ஆம் ஆண்டின் 44 ஆம் திருத்தம், உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான உரிமையைக் காக்க நீதிமன்றத்தை நாடுவதை நெருக்கடி நிலையிலும் தடுக்க இயலாது என்றாக்கியது. 2017 இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பு தவறானது என உச்ச நீதிமன்றமே அறிவித்தது.

வழக்கில் உள்ள பயன்பாடு

இந்திய நீதிமன்றங்களில் இது பெரும்பாலும் காவல்துறையினர் தடுத்து வைத்தோர் குறித்த வழக்குகளில் மட்டுமன்றி, தனியாரால் அடைத்து வைக்கப்பட்டோர், பெற்றோரிடையே பிணக்கில் உள்ள குழந்தைகள் ஆகியோர் குறித்த வழக்குகளிலும் பயன்படுகின்றது.