மைசூர் தந்த சித்திரக்காரர்

கதையைப் படிக்குமுன் கண் அதன் படத்தைப் படித்துவிடுகிறது. அமெரிக்காவில் நார்மன் ராக்வெல் 1916 முதல் 1963 வரை ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழின் 300-க்கும் மேற்பட்ட அட்டைகளில் எளிய மக்களைத் தீட்டினார். நம் மைசூரில் அத்தகைய கண் படைத்தவர் ஆர். கே. லக்ஷ்மண்.

1921-இல் இங்குத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளி இடந்தர மறுத்தது. அவர் சோர்ந்தாரில்லை. மகாராஜா கல்லூரியில் பயின்றபோதே, அண்ணன் ஆர். கே. நாராயணின் கதைகளுக்கு ‘இந்து’ நாளிதழில் படம் வரைந்தார். மால்குடி என்னும் கற்பனை ஊருக்குத் தெருவும் திண்ணையும் முகமும் தந்தவை அக்கோடுகளே. 1951-இல் தோன்றிய ‘பொது மனிதன்’ அவற்றின் வழிவந்தவன்தான்.

நண்பர்களே, நம் இதழுக்குக் கதைகள் வருகின்றன. படம் வரைவார் யார்? பள்ளி தராத இடத்தை ஒரு கல்லூரி மாணவர் பென்சிலால் பெற்றார் அன்றோ!