கோயில் வில்லையா, பழங்காசா?

வன்னியில் துணுக்காய்ப் பக்கம் கிணறு வெட்டும்போதும் வயல் உழும்போதும் மண்ணோடு மேலே வரும் வட்ட உலோகத் துண்டுகள் எல்லாமே காசுகள் அல்ல. பூசையறையில் வைப்பதற்கும், பிள்ளைகளுக்குக் காப்பாகக் கட்டுவதற்கும், யாத்திரை போனவர்கள் நினைவாகக் கொண்டுவருவதற்கும் செய்யப்பட்ட கோயில் வில்லைகளும் காசைப் போலவே இருக்கும். கையில் இருப்பது எது என்று தெரியாத குடும்பம் பொருளையும் இழக்கலாம், பணத்தையும் இழக்கலாம். சில வேளைகளில் வழக்கிலும் மாட்டிக்கொள்ள நேரும்.

வில்லைகளில் அதிகம் புழங்குவது ராமடங்கா. ஒரு பக்கத்தில் ராமரும் சீதையும் அரியணையில் வீற்றிருக்க, தம்பிமாரும் அனுமாரும் சூழ நிற்பர். மறுபக்கத்தில் ராமரும் இலக்குவனும் வில்லேந்தி நடப்பர். விளிம்பைச் சுற்றி நாகரி எழுத்தில் ராமன், இலக்குவன், சானகி, அனுமான் பெயர்கள் சுருக்கமாகவும் பிழையாகவும் பொறிக்கப்பட்டிருக்கும். அதோடு 51740 போன்ற எண் ஒன்றும் வரலாம். அது ஆண்டு அல்ல. அதைப் படித்துவிட்டுப் பல நூற்றாண்டுப் பழமை பேசுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வேறு சில வில்லைகளில் ஓங்காரமும், எப்பக்கம் கூட்டினாலும் 15 வரும் ஒன்பது கட்டமும் இருக்கும். இவை எதுவும் கடைத்தெருவில் பணமாகச் செலவானவை அல்ல.

ஏமாற்று வேலை கூடுதலாக நடப்பது இன்னொரு வகையில். அனுமார் அல்லது ராமர் பட்டாபிஷேக உருவத்தோடு, மறுபக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818' என்றோ 1616 என்றோ பொறித்த செப்பு வில்லை அது. கும்பினி, அதாவது ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. 1835 முதல் அது இந்தியாவுக்காக வெளியிட்ட செப்புக் காசுகளில் கும்பினியின் சின்னமும் இலைவளையமும்தான் இருக்கும். இந்தியாவில் ஓரணா நிக்கல் கலப்பு நாணயமாக வந்தது 1907 இல். கடவுள் உருவம் இருப்பதாலேயே ஒரு காசு போலியாகிவிடாது என்பதும் உண்மை. சென்னையில் கும்பினி அடித்த மூன்று சுவாமி வராகனில் பெருமாளும் இரு தேவியரும் இருந்தனர். ஆனால் அது பொற்காசு.

தமிழ்நாட்டில் 'ரைஸ் புல்லிங்' என்ற பெயரில் நடந்த மோசடிகளில் இத்தகைய வில்லைகளும் செப்புப் பாத்திரங்களும் அரிசியை இழுக்கும் அபூர்வப் பொருளாகக் காட்டப்பட்டன. அரிசிக்குள் இரும்புத் துகளைச் சேர்த்துக் காந்தத்தால் இழுப்பதுதான் அந்த வித்தை. பரிசோதனைக் கட்டணம், முன்பணம் என்று கேட்கத் தொடங்கினாலே அங்கிருந்து விலகிவிட வேண்டும்.

வன்னி மண்ணில் கிடைக்கக்கூடிய உண்மையான பழங்காசுகள் பெரும்பாலும் அழகற்றவை. அதனாலேயே அவை பழைய இரும்போடு எடைக்குப் போய்விடுகின்றன. யாழ்ப்பாண அரசர்களின் செப்புக் காசில் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழ் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் இருக்கும். 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அந்த அரசுக்கு இக்காசுகள் நேரடிச் சான்று. நீள்சதுரமான லட்சுமித் தகடுகள் அவற்றைவிட மிகப் பழையவை. ஒல்லாந்தர் துட்டில் அவர்களது கும்பினியின் பின்னிய எழுத்துச் சின்னம் தெரியும்.

இலங்கையின் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 க்கு முற்பட்டதென நியாயமாக நம்பத்தக்க காசுகளையும் தொல்பொருளாகவே கொள்கிறது. ஆகவே நேற்று வார்த்த வில்லையில் 1616 என்று இருந்தாலும் அது தொல்பொருளாகாது. ஆண்டே இல்லாத சேதுக் காசு தொல்பொருள்தான். மண்ணுக்குள் கிடந்து இப்போது வெளிப்படும் தொல்பொருள், சொந்தக் காணியில் கிடைத்தாலும் அரசுக்கே உரியது. தொல்பொருளைத் தேடி உத்தரவுப்பத்திரமின்றித் தோண்டுவது குற்றம். பரம்பரையாக வீட்டில் வைத்திருக்கும் காசு பழையது என்ற காரணத்துக்காக மட்டும் பறிபோவதில்லை. ஆனால் கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினருக்கு அதைக் கொடுத்தனுப்ப அனுமதி வேண்டும்.

புதையல் தேடுவோரை, போர் நடந்த இந்த மண்ணில் சட்டத்துக்கு முன்னரே வெடிபொருள் தடுத்துவிடக்கூடும். மெட்டல் டிடெக்டர் எழுப்பும் ஒலி காசுக்கும் மிதிவெடிக்கும் பொதுவானது. சந்தேகமான பொருளைத் தொடாமல், இடத்தை அடையாளமிட்டுப் பொலிசுக்கு அறிவிப்பதே பாதுகாப்பு.

காசொன்று கிடைத்தால் புளி போட்டுத் துலக்கக் கூடாது. பச்சைப் படிவோடு எழுத்தும் உரிந்துபோகும். இரு பக்கமும் படமெடுத்து, கிடைத்த இடம், ஆழம், கூடக் கிடந்த ஓடுகள் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். இடம் தெரியாத காசு தன் சாட்சியத்தில் பாதியை இழந்துவிடுகிறது. பிறகு கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்துக்கோ, பொலிசுக்கோ, தொல்பொருள் திணைக்களத்துக்கோ தாமதமின்றி அறிவிக்க வேண்டும். பொருளைக் கையளிக்கும்போது அதன் எண்ணிக்கை, எடை, எழுத்து விவரம் குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவது நல்லது. கோயில் திருப்பணியில் பழைய யந்திரத் தகடோ கண்மடலோ வெளிப்பட்டால், பரிபாலன சபை அவற்றை உருக்கக் கொடுக்கும் முன் படத்தோடு பதிவு செய்தல் அவசியம்.

போலி வில்லைக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. ஏமாற்றுதல் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். வங்கிச் சிட்டையும் தொலைபேசிச் செய்திகளும் சான்றாகும். வழக்குச் செலவுக்கு வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கையளித்த காசு எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதைப் பெற்றுக்கொண்ட அலுவலகத்திடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் தரப்படுமா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கும் கடமை அந்த அலுவலகத்துக்கு உண்டு.