மின்னழுத்தம், மின்னோட்டம் கொண்டு மின்தடையும் திறனும் கணித்தல்

ஒரு மின்கருவியின் முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தமும் அதன் வழியே பாயும் மின்னோட்டமும் தெரிந்தால், அதன் மின்தடையையும் அது செலவிடும் மின்திறனையும் கணக்கிடலாம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்; இரண்டையும் பெருக்கினால் திறன் கிடைக்கும்.

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)

திறன் (வாட்) = மின்னழுத்தம் × மின்னோட்டம்

வெப்பநிலை மாறாத உலோகக் கடத்தியில் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஓம் விதி. செருமானிய இயற்பியலாளர் கேயார்க் சைமன் ஓம் 1827 இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். மின்தடையின் அலகு அவர் பெயரால் வழங்குகிறது.

எடுத்துக்காட்டு

வெந்நீர் போடும் ஹீட்டர் ராட் ஒன்று 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கிறது எனக் கொள்வோம்.

மின்தடை = 230 ÷ 6.5 = ஏறத்தாழ 35.4 ஓம்

திறன் = 230 × 6.5 = 1495 வாட்

இந்திய வீடுகளில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இருவகை பிளக் பாயிண்டுகள் உள்ளன. 6 ஆம்பியர் பாயிண்டு 230 வோல்ட்டில் தாங்கக்கூடியது 6 × 230 = 1380 வாட் மட்டுமே. எனவே இந்த ராடை 16 ஆம்பியர் பாயிண்டில்தான் இணைக்க வேண்டும்.

மின்னழுத்தம் குறைந்தால்

மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தால், அதே 35.4 ஓம் தடையில் மின்னோட்டம் ஏறத்தாழ 5.65 ஆம்பியர் ஆகும். திறன் 1130 வாட். மின்னழுத்தம் 13 விழுக்காடு குறைய, திறன் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைகிறது. திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதே இதற்குக் காரணம். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் தண்ணீர் கொதிக்கத் தாமதமாவது இதனால்தான்.

தளர்ந்த இணைப்பின் ஆபத்து

மேற்கண்ட இரு சமன்பாடுகளையும் சேர்த்தால், திறன் = மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை என வரும். கடத்தியில் தோன்றும் வெப்பம் இவ்வாறு அமைவதை 1840களில் ஜேம்ஸ் பிரெசுகாட் ஜூல் சோதனைகளால் காட்டினார்.

பிளக்கின் பின் தளர்ந்து, தொடும் இடத்தில் அரை ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். 6.5 ஆம்பியர் பாயும்போது அங்கு 6.5 × 6.5 × 0.5 = ஏறத்தாழ 21 வாட் வெப்பம் உண்டாகும். இது ஒரு சிறிய சால்டரிங் அயனின் வெப்பத்திற்கு நிகரானது. அந்த வெப்பம் முழுவதும் ஒரு சிறு இடத்தில் குவிவதால் பிளக் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். மின்னோட்டம் வரம்புக்குள்ளேயே இருப்பதால் பியூசு இதைத் தடுக்காது. பிளக் சூடாவதையோ கருகிய வாடையையோ உணர்ந்தால் இணைப்பை உடனே துண்டித்துச் சரிசெய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

குண்டு பல்பின் தடை வெப்பநிலையோடு மாறும். 230 வோல்ட், 60 வாட் பல்பு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 882 ஓம். அணைந்து குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரால் அளந்தால், இதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். ஆகவே எரியும் நிலையில் உள்ள தடையை அறிய, அப்போதைய மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து வகுக்க வேண்டும்.

மின்விசிறி, மோட்டார் போன்ற மாறுமின்னோட்டக் கருவிகளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சம் அடைவதில்லை. அவற்றின் திறனைப் பெற, பெருக்கல் விடையைத் திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றிற்குத் திறன் காரணி ஏறத்தாழ 1 என்பதால் மேற்கண்ட கணக்கே போதும்.