ரத்தம் போனால் மூலம்தானா?

மலத்தோடு ரத்தம் போனால் நம் வீடுகளில் முதலில் சொல்வது ‘மூலம்’. அடுத்தது ‘உடம்புச் சூடு’. மோர், வெந்தயம் என்று ஆரம்பித்து, கேட்காவிட்டால் மருந்துக் கடையில் சீதபேதி மாத்திரை. நாலு நாள் அடங்கும், மறுபடி வரும். இப்படியே ஒரு வருஷம் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது குடல் அழற்சி நோயாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

மூலத்தில் பெரும்பாலும் மலம் கழித்தபின் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழும். அழற்சியில் ரத்தமும் சளியும் பேதியோடு கலந்து வரும். போய்விட்டு வந்தாலும் ‘இன்னும் இருக்கே’ன்னு தோன்றும். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். இந்த ஒன்றை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எடை குறைவது, மூட்டு வலி, வாய்ப்புண், கண் சிவப்பது எல்லாம்கூட இதோடு சேர்ந்து வரலாம்.

இதில் இரண்டு வகை. ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ மலக்குடலில் ஆரம்பித்துப் பெருங்குடலில் மேலே பரவும். ‘க்ரோன்’ நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம்; சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் அதற்குப் பிடித்த இடம். 1932-ல் இதை விவரித்த அமெரிக்க டாக்டரின் பெயர் இது.

ஏன் வருகிறது? வேலியே பயிரை மேய்கிற கதைதான். கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, சொந்தக் குடலையே தாக்குகிறது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. காரம் சாப்பிட்டதால் வந்ததல்ல, தொற்றாது. சிகரெட் க்ரோனை மோசமாக்கும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். குடல் காசநோயும் அதே இடத்தில், அதே மாதிரிதான் தெரியும். காசநோயை க்ரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவிவிடும். அதனால்தான் டாக்டர்கள் கொலோனோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். ‘எதுக்கு இவ்வளவு டெஸ்ட்?’னு சலித்துக்கொள்ளாதீர்கள்.

அடியோடு போகிற நோயில்லை. ஆனால் மெசலமைன் போன்ற மருந்துகளால் வருஷக்கணக்கில் அடக்கி வைக்கலாம். ரத்தம் நின்றதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பெருங்குடலில் பரவலாக இருந்தால் புற்றுநோய் அபாயம் கூடும். எட்டு வருஷத்துக்குப் பிறகு கொலோனோஸ்கோப்பியில் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்யாண வயதுப் பெண்ணைப் பெற்றவர்கள் பதற வேண்டாம். குழந்தை பெறலாம். நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் மட்டும், பல மாதங்கள் முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.